உப்புப் போடாத அத்தை

குழம்பில் ஒரு கல் உப்புக் குறைந்தாலும் வடுகபட்டியில் தெருவே கேட்கும்படி ஏசுகிறவர் மாமா. அந்த வருடம் குத்தகைத் தோப்பில் மாங்காய் பறிக்க ஏறியவர், கிளை முறிந்து தலைகுப்புற விழுந்தார். மதுரையில் வைத்தியம் முடிந்து திரும்பியபோது காயம் ஆறியிருந்தது. கை கால் விளங்கியது. கேட்டால் பதில் வந்தது. கேட்காவிட்டால் ஒன்றும் வராது. உட்காரவைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"பழையபடி எப்ப ஆவாக?" என்று அத்தை கேட்டதற்கு, மூளையில் பட்ட அடி, வந்தால் வரும், பொறுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. "விழுந்ததுல மனுசன் சாந்தமாயிட்டாக. குடுத்து வச்சவடி நீ," என்றாள். மறுநாளிலிருந்து அத்தை வைத்த குழம்பில் உப்பு இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிக்கு அத்தை வீடுதான் கிட்ட என்பதால் மத்தியானச் சோறு அங்கே. கல்வியின் பொருட்டு நான் பட்ட முதல் கஷ்டம் அந்தக் குழம்பு.

"அத்தே, உப்பே இல்ல."

"சத்தம் போடாதடா. அவுக சொல்லட்டும்," என்று மாமாவுக்குத் தெரியாமல் என் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை வைத்தாள்.

அதை நான் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். வாய் திறந்தால் மாமா தோற்றார், திறக்காவிட்டால் அத்தை. மாமா தினமும் ஜெயித்தார். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது. அத்தை காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பாள். தோற்ற வருத்தம் என்று நினைத்துக்கொள்வேன். தலையின் முன்பக்கம் அடிபட்டவருக்கு ருசி தெரிந்தாலும் அதைச் சொல்லத் தோன்றாமல் போகலாம் என்பதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

மாங்காய்ப் பருவம் போய், மழையும் ஓய்ந்த பிறகு ஒரு நாள், தட்டைப்பயற்றுக் குழம்பு. மாமா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"ஏண்டி, நாக்கு செத்துப்போச்சா ஒனக்கு? இதத் திங்கிறதுக்கு மரத்துலருந்து விழுந்தப்பவே போயிருக்கலாம்."

தெருவுக்குக் கேட்கிற குரல் இல்லை, பாதிதான். ஆனால் பேச்சு மாமாவுடையது.

"மாமா தோத்துட்டாக," என்றேன் நான்.

உப்பு எடுக்கப் போன அத்தை அடுப்படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளேயிருந்து உப்பு வராத கோபத்தில் மாமா மேலும் ஏசினார். அவர் ஏச ஏச அவள் அழுகை கூடியது.

பள்ளிக்கூடம் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தோற்ற நாட்களில் ஒருதரம்கூட அழாதவள், ஜெயித்த அன்றைக்கா அழுவாள்?