முடியும் கூடாது, ரத்தமும் கூடாது

சர்வர் வேலைக்கு வேகமான காலும் மறக்காத மண்டையும் போதும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஓட்டலுக்கு வந்து பார்க்க வேண்டும். இங்கே முதலில் பார்ப்பது தாடையை.

திருத்தணி மலையடிவாரத்தில், திருப்பதி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிற டிபன் ஓட்டல் அது. பிளஸ் டூவில் கணக்கில் பெயிலானேன். திரும்ப எழுதவில்லை, எழுதுகிற உத்தேசமும் இல்லை. ஒரு வருஷமாகப் பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு முன்னால் நிற்கிறவனுக்கு மனுஷன் முகமே தெரியாது, சாம்பார் ஒட்டின தட்டுதான் தெரியும். விரலெல்லாம் ஊறி ஊறி வெளுத்துப்போச்சு. சொந்தக்காரர்கள் யாராவது "பையன் இன்னா பண்றான்?" என்று கேட்டால் அம்மா "ஓட்டல்ல கீறான்" என்று சொல்லிவிட்டு உடனே அவர்கள் வீட்டு மாட்டைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் ஹாலில் ஒரு சர்வர் நின்றுபோனதும் நான் மேனேஜரிடம் நேராகவே போய்க் கேட்டேன். பதினைந்து நாள் பார்க்கிறேன் என்றார். தேறினால் ஹால். தேறாவிட்டால் தொட்டிதான், அப்புறம் அவரிடம் கேட்கவே கூடாது.

"ரெண்டே ரூலு. மூஞ்சில முடியும் இருக்கக் கூடாது, ரத்தமும் இருக்கக் கூடாது. அப்பால உனக்கு வாய் ஜாஸ்தி, அத்த அடக்கு" என்றார்.

அப்போ மூணு ரூல் ஆச்சே சார் என்றேன். அதைத்தான் அவர் வாய் என்கிறார்.

சலூன் எட்டரைக்குத் திறக்கிறது. என் டியூட்டி அஞ்சரைக்கு. தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் ரேசரால் எடுத்தால் கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கிளம்புகிறது. மிச்சம் இருந்த ஒரே வழி ஸ்டீல் ரேசர். ரெண்டு பக்கமும் வாய் இருக்கிற பிளேடைப் போட்டுத் திருகுவோமே, அது. அதை முதல்முதலாகக் கையில் எடுத்தவர்களே, எடுத்து அழுதவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மத்தவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

தலைகீழ்த் தட்டு

முதல் நாளுக்கு, முந்தின சாயங்காலமே சலூனில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ரெண்டாம் நாளிலிருந்து என் கைதான். ரேசர் கொடுத்தது பாவா. அக்கா வீட்டுக்காரர், பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டுகிறார். தாடி உனக்கு எடுப்பா இருக்கு என்று அக்கா ஒரு நாள் சொல்லிவிட்டதால் ரேசரை எனக்குத் தள்ளிவிட்டார். கைப்பிடி, ஒரு தட்டு, ஒரு மூடி. மொத்தம் மூணே துண்டு. எப்படி மாட்டுவது என்று அவர் சொல்லவில்லை. மூணு துண்டுக்கு என்ன பாடம் என்று நானும் கேட்கவில்லை.

தட்டைத் தலைகீழாக வைத்துத் திருகிவிட்டேன். பிளேடு முழுசாக வெளியே நின்றது. இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் வைத்து ஒரே இழுப்பு. முடி வந்ததோ இல்லையோ, தோல் வந்தது. வெள்ளையாக இருந்த நுரை ரோஸ் கலரானது. துண்டால் அமுக்கிக்கொண்டே பாவாவுக்கு வீடியோ கால் போட்டு ரேசரைக் காட்டினேன். அவர் பாயில் படுத்தபடியே போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அக்காவை எழுப்பி அவளுக்கும் காட்டினார்.

"டேய், நீ கணக்குல மட்டும்தான் பெயிலுன்னு நெனச்சிகினு இருந்தேன்டா!"

பேப்பர் துண்டு

வெட்டின இடத்தில் பேப்பரைக் கிழித்து ஒட்டினால் ரத்தம் நிற்கும். இது எல்லாருக்கும் தெரியும். அதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சீக்கிரம் எடுத்தால் திரும்ப ஒழுகுகிறது. எடுக்காமல் விட்டால் மறந்துபோகிறது. நான் மறந்துபோய் மூன்று துண்டோடு ஹாலுக்குள் வந்துவிட்டேன். ஜன்னலோர டேபிளில் ஒரு தெலுங்குக் குடும்பம். அப்பா, ரெண்டு பையன், ஒரு கைக்குழந்தை. நாலு பேருக்கும் புது மொட்டை, நாலு மண்டையிலும் சந்தனம். நான் குனிந்து சட்னி ஊற்றும்போது தாடையிலிருந்து ஒரு துண்டு கழன்று அவர் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, இலையில் இல்லை. கல்லாவிலிருந்து மேனேஜர் பார்த்துவிட்டார். முதல் தடவை, அதனால் விடுகிறேன் என்று விரலைக் காட்டினார்.

அந்த அப்பா கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். என் முகத்தை ஒரு வெட்டு விடாமல் நிதானமாகப் பார்த்தார். தெலுங்கில் மொட்டைக்கு குண்டு என்று பேர், மொட்டை அடிப்பதற்கு குண்டு கொட்டுவது. எங்கள் ஊரில் அது தெரியாதவன் கிடையாது. தன் மொட்டை மண்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏம் நைனா, முகானிகி குண்டு கொட்டிஞ்சுகுன்னாவா?"

டிஷ்யூ பேப்பர் பரீட்சை

மேனேஜர் முடி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதில்லை. கை துடைக்கிற டிஷ்யூ பேப்பரில் ஒன்றை எடுத்து, காதிலிருந்து மோவாய் வரைக்கும் இழுப்பார். பேப்பர் பஞ்சு கன்னத்தில் ஒட்டினால் முடி இருக்கிறது என்று அர்த்தம். சிவந்தால் ரத்தம் இருக்கிறது என்று அர்த்தம். முடி வளர்கிற பக்கமாகவே இழுத்துச் சிரைத்தால் ரத்தம் வராது, பஞ்சு ஒட்டும். எதிர்ப்பக்கம் இழுத்துச் சிரைத்தால் பஞ்சு ஒட்டாது, ரத்தம் வரும். ரெண்டும் இல்லாமல் வருவது எப்படி என்று அவரையே கேட்டேன். அவருக்குத் தாடியே முளைக்காது. அது எனக்குத் தெரியாமல் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அரை நாள் என்னை வெங்காயம் உரிக்க வைத்தார்.

ஹாலில் வருகிறவர்கள் எல்லாரும் டாக்டர். சுடுதண்ணி என்பார் ஒருத்தர், ஐஸ்தண்ணி என்பார் பக்கத்து இலை. தேங்காயெண்ணெய், தயிர், குளித்த பிறகு, குளிக்கிறதுக்கு முன்னாடி. ரெகுலராக வருகிற பஸ் டிரைவர் ஒருத்தர் பொங்கல் ஆறிப்போகிறது என்றுகூடப் பார்க்காமல், ரேசரை அமுக்கக் கூடாது, சும்மா வைத்தால் போதும், அதன் கனத்துக்கு அதுவே போகும் என்று கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உருப்படியாக உதவினது அது ஒன்றுதான். ஆனால் அவருக்கே நாலு நாள் தாடி. நீங்க ஏன் சார் இப்படி என்று கேட்டேன்.

"நானா? பிளேடே தொடமாட்டேன் தம்பி. ரத்தத்த பாத்தா எனக்கு மயக்கம் வந்துடும்."

செவ்வாய்க்கிழமை

ஏழு நாளில் கை கொஞ்சம் படிந்தது. எட்டாம் நாள் செவ்வாய். காலையில் நுரை போட்டு ரேசரை எடுத்தேன். அம்மா பின்னாலிருந்து வந்து கையைப் பிடித்துவிட்டார். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி பிளேடு எடுக்கக் கூடாது. இத்தனை வருஷம் எனக்குத் தினமும் சிரைக்கிற வேலை இல்லாததால் இந்தச் சட்டம் இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை அம்மா கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தப்பித்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் கூட்டம் முண்டுவதே செவ்வாய்க்கிழமைதான். மலைமேல் விடிகாலையிலிருந்து வரிசையில் உட்காரவைத்துத் தலை தலையாக மழித்துக்கொண்டிருக்கிறார்கள், அது புண்ணியம். என் ஒரு தாடையை மழித்தால் வீட்டுக்கு ஆகாதா என்று கத்தினேன். நைனா, எங்கள் அப்பா, பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அவர் அன்றைக்கு முழுக்க ஒரே பக்கத்தைப் படித்தார். நான் நுரையைக் கழுவிவிட்டுத் தாடியோடு போனேன். டிஷ்யூ பேப்பர் என் கன்னத்தில் அப்படியே நின்றது, விழக்கூட இல்லை. கூட்டம் நெரிகிற நாளில் என்னைத் தொட்டிக்கு அனுப்பினார் மேனேஜர். இன்னொரு தடவை இப்படி வந்தால் அவ்வளவுதான் என்றார். பதினைந்தாம் நாளும் செவ்வாய், அன்றைக்குக் கிருத்திகை வேறு. சாயங்காலம் ஊறின விரலை அம்மா முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினேன். அம்மா விரலுக்கெல்லாம் எண்ணெய் தடவிவிட்டார். ஆனால் பேச்சில் இறங்கிவரவில்லை.

"சாமிக்குக் குடுக்கறது வேற, ஓட்டல்காரனுக்குக் குடுக்கறது வேற."

பைக் கண்ணாடி

வீட்டில்தானே கூடாது? பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை ரேசரை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓட்டலுக்குப் பின்னால், மலைக்குப் போகிறவர்கள் குளத்தில் குளிக்கப் பைக்கை நிறுத்துகிற இடம். ஒரு பெரிய பைக்கின் கண்ணாடியைத் திருப்பி வைத்து, சீட்டில் சொம்பை வைத்து, ஆரம்பித்தேன். பைக் கண்ணாடியில் கன்னம் பெரிதாகத் தெரியும், கழுத்து தெரியவே தெரியாது. வேண்டுமானால் முயற்சி செய்து பாருங்கள்.

இடது பக்கம் முடித்தேன். ஒரு வெட்டு இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை. நின்று ரசித்துக்கொண்டிருக்கும்போது பைக்குக்காரர் பெண்டாட்டி பிள்ளையோடு ஈர வேட்டியில் வந்து நின்றார். திட்டுவார் என்று பார்த்தால் சொம்பை எடுத்து என் கையில் கொடுத்தார், சீட்டைத் துடைத்தார், குழந்தையை உட்காரவைத்தார். சார், வலது பக்கம் பாக்கி இருக்கு, ரெண்டே நிமிஷம் என்றேன். அப்புறம் வலது பக்கத்தை சாம்பார் வாளியின் பின்புறத்தில் பார்த்துத்தான் முடித்தேன். அவர் கிளம்பும்போது கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டே சொன்னது:

"பாதி என் கண்ணாடில பாத்துகின, மீதிய முருகன் பாத்துப்பாரு. நவுரு தம்பி, அபிஷேகத்துக்கு டைம் ஆவுது."

சந்தனம்

கடைசி நாள். கிருத்திகை. பின்பக்கம் கால் வைக்க இடமில்லை, பைக்குக்குப் பைக் ஒட்டி நிற்கிறது. நெருக்கிக்கொண்டு நின்று எல்லாம் சுத்தமாக முடித்தேன். மோவாய்க்குக் கீழே ஒரே ஒரு இழுப்பு பாக்கி. அந்த நேரம் பார்த்து யாரோ காவடியைத் தூக்கிக்கொண்டு என் முழங்கையில் இடித்தார்கள். சின்ன வெட்டுதான், ஆனால் நிற்கவே இல்லை. படிகாரக் கல் வீட்டில். பேப்பர் ஒட்டினால் மேனேஜருக்குத் தெரியும். ஹாலில் அவர் டிஷ்யூ பேப்பரோடு என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். பதினைந்து நாளும் போச்சு என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வெட்டோடு ஹாலுக்குள் நுழைந்தேன். வாசல் பக்கத்து டேபிளில் புது மொட்டை ஒருத்தர் காகிதத்தில் வாங்கின சந்தனத்தைக் குழைத்து மண்டையில் பூசிக்கொண்டிருந்தார். என் மோவாயைப் பார்த்தார். ரெண்டு விரலால் அள்ளி, வெட்டின இடத்தின் மேல் அப்பினார். அப்பிவிட்டுக் காது வரைக்கும் இழுத்துவிட்டார். ஐயோ, எரிச்சல்! அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். தாடி காணிக்கையாடா என்று கேட்டார். அந்த ஹாலில் சந்தனம் இல்லாத தலை அவருடையது மட்டும்தான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே தேறியிருப்பேன். எனக்கு அது வராது. இல்ல சார், வெட்டு என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். அத்தனை மொட்டையும் அவரையே பார்த்தது. சந்தனத்தின் மேல் டிஷ்யூ பேப்பரை வைக்க அவருக்குக் கை வரவில்லை. "காஞ்சி உழட்டும், அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார்.

அது காய்ந்து விழக் கூடாது என்பதற்காக அன்றைக்கு நான் வாயையே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் வெடிக்கும். சிரித்தால் உதிரும். பூரிக்கு மூணாவது தடவை குருமா கேட்டவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஊற்றினேன். காபியில் சர்க்கரை கம்மி, ஜாஸ்தி, திரும்பக் கம்மி என்றவருக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். சாயங்காலம் நாலு மணிக்குச் சந்தனம் பிளந்து தானாகவே தட்டில் விழுந்தது. மேனேஜர் டிஷ்யூ பேப்பரை எடுத்து, காதிலிருந்து மோவாய் வரைக்கும் மெதுவாக இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பஞ்சும் ஒட்டவில்லை, சிவப்பும் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மூஞ்சிய விடுடா. ஒரு நாள் முச்சூடும் நீ ஒருத்தர்கிட்டயும் எதிர்த்துப் பேசல பாரு, அதுக்குத்தான் ஹாலு. நாளைக்கு வந்துடு."

இப்போது சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா "சர்வரா கீறான்" என்று சொல்லிவிட்டு, மாட்டைப் பற்றி விசாரிக்காமல் நிற்கிறார். டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

முடியைச் சாமிக்குக் கொடுத்தவனுக்கு ஒரு நாளோடு எரிச்சல் அடங்கிவிடுகிறது, ஓட்டலுக்குக் கொடுக்கிறவனுக்கு அது தினமும் காலை அஞ்சு மணிக்குப் புதுசாக ஆரம்பிக்கிறது.