தங்கையைத் திருப்பி அனுப்பியவர்

எனக்கு டி.பி. என்று தெரிந்தபோது மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. ஐம்பதுகளின் கடைசி அது. அகரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம், கத்திரியும் வெங்காயமும். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தினம் ஓர் ஊசி, நல்ல ஓய்வு, தட்டும் டம்ளரும் தனி, பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது என்றார் டாக்டர். அந்த நோய் வந்தவளைப் பற்றி அப்போதெல்லாம் ஊரில் "எப்படி இருக்கா" என்று கேட்க மாட்டார்கள். "இருக்காளா" என்றுதான் கேட்பார்கள்.

பத்தே நாளில் என் அம்மா நத்தத்திலிருந்து என் தங்கையைக் கூட்டிவந்து விட்டுப் போனாள். ஒத்தாசைக்கு என்று பேர். அவளுக்குப் பதினெட்டு வயது. அக்கா படுத்த வீட்டுக்குக் கல்யாணமாகாத தங்கை எதற்கு வருகிறாள் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அம்மா கேட்டபோது சரி என்று சொன்னதே நான்தான். எவளோ ஒருத்தி வந்து என் பிள்ளைகளை அடிப்பதற்குக் கூடப் பிறந்தவள் மேல் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, சின்னவள் அவள் இடுப்பில் ஏறிச் சிரித்த சத்தம் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் தங்கையை பஸ்ஸில் கூட்டிப்போய் நத்தத்தில் விட்டுவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"எனக்குச் சமைக்கத் தெரியும்" என்றார்.

பச்சைப் பொய். அந்த மனுஷருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. நான் கட்டிலில் கிடந்து கத்த, அவர் அடுப்படியில் நின்று செய்தார்.

"உப்பு போட்டீங்களா?"

"போட்டாச்சு புள்ள."

"எம்புட்டு?"

"ஒரு கை அள்ளி."

அன்றைக்கு அந்தக் குழம்பை நாய்கூடத் தொடவில்லை.

எனக்குத் தலை வாரிவிட்டார், மாட்டுக்கு உண்ணி எடுப்பதுபோலத் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. என் சேலைகளைப் பட்டப்பகலில் கிணற்றடியில் துவைத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "என்னப்பா, பொண்டாட்டி சேலையெல்லாம் துவைக்க ஆரம்பிச்சுட்ட போல" என்று கேலி செய்தாராம். "ஏழு வருசமா என் வேட்டிய அவ துவைச்சப்ப நீ ஒண்ணும் கேக்கலையே" என்றாராம் இவர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இவர் அதைத் தேடவும் இல்லை.

நான் நன்றியோடு இருந்தேனா என்றால், இல்லை. ஒருநாள் கஞ்சி ஆறிப்போயிருந்தது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். "என் தங்கச்சி இருந்தா என் பிள்ளைக வாய்க்கு ருசியாத் திங்கும். வீம்புக்கு அவள அனுப்பிட்டு எங்கள வதைக்கிறீங்க. நான் போனப்புறம் எப்படியும் அவதான வரணும்" என்றேன். அவர் சிந்தியதைத் துடைத்துவிட்டு, வேறு கஞ்சியைச் சுட வைத்துக் கொண்டுவந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்றார். அடுத்த தையில் தங்கைக்குச் செம்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மனசு கேட்கவில்லை.

"அன்னைக்கு உன்ன அனுப்புனது பிடிக்காம இல்லடி. மனசுல வச்சுக்காத."

அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியும்க்கா. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு பஸ்ல அழுதேன். மச்சான்தான் சொன்னாரு. 'நீ ஒரு தப்பும் பண்ணல தாயி. நல்லாத்தான் பாத்துக்கிற. நீ இருந்தா, பிள்ளைகளுக்கு ஆள் இருக்குன்னு உங்கக்கா நிம்மதியாக் கண்ண மூடிருவா. அந்த நிம்மதி அவளுக்கு வேணாம். என்னையத் திட்டிக்கிட்டே கெடக்கட்டும்'னாரு."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தேன். அவர் பந்தல்காலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார். வாழை சாய்ந்திருக்கிறது, இதைக்கூட நேராகக் கட்டத் தெரியாதா என்று திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.