ஆட்டு வாடை வராத தொட்டி

என் அக்காவுக்குத் தொழிற்சாலையில் ‘மோப்பம்’ என்று பெயர். கேலிக்காகத்தான் வைத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அது ஒரு பதவி மாதிரி ஆகிவிட்டது.

இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து அல்புமின் என்ற புரதத்தைப் பிரித்து மருந்தாக்குவது எங்கள் வேலை. வைரஸ் எதுவும் மிஞ்சக் கூடாது என்று அதை அறுபது டிகிரியில் பத்து மணி நேரம் சூடாக்குவோம். சும்மா சூடாக்கினால் வெந்த முட்டை போலத் திரண்டுவிடும். அதைத் தடுக்க இரண்டு நிலைப்படுத்திகள். ஒன்று வாசனையில்லாத தூள். மற்றது ஒரு கொழுப்பு அமிலத்தின் உப்பு. அதைக் கரைத்து ஊற்றினால் முகக்கவசத்தையும் தாண்டி லேசாக ஆட்டு வாடை அடிக்கும். அக்காவின் தலைமுடியிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். “மந்தையோட வந்துட்டியா?” என்று மாமா கதவைத் திறப்பார். “ஆமா, கெடா ஒண்ணுதான் குறையுது, அது வீட்லயே இருக்கு” என்பாள்.

பத்தாம் வகுப்போடு அவள் நின்றது நான் படிப்பதற்காக. கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் இங்கே தொட்டி கழுவ வந்து, இப்போது சூடாக்கும் தொட்டிக்குப் பொறுப்பாளி. நான் அங்கேயே வேதியியலாளனாகச் சேர்ந்தபோது ஒரே நிபந்தனை போட்டாள்.

“உள்ள நான் யாரோ, நீ யாரோ. உன்னைப் படிச்சவனா பாக்கட்டும். தொட்டி கழுவுனவ தம்பின்னு பாக்க வேணாம்.”

நானும் சரியென்றேன். அவளுக்காகச் சொன்னேனா, எனக்கும் அது வசதியாக இருந்ததா என்று இன்றும் தெரியவில்லை.

ஐந்தாவது மாதம். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் வேலை நிரந்தரமாகும். அன்று காலை தூளைச் சேர்த்துவிட்டு, உப்பு கரையும் நேரத்தில் பதிவுத்தாளில் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் மேலே கூப்பிட்டார்கள், போய்விட்டேன். எல்லாம் ஊற்றியாகிவிட்டது என்ற நினைப்பிலேயே திரும்பி வந்தபோது அக்கா சூடேற்றும் பொத்தானுக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்தாள்.

“சார், ஆட்டைக் காணோமே.”

“ஊத்தியாச்சு. தாளைப் பாருங்க.”

“தாளைப் பாத்தேன் சார். மூக்கு ஒத்துக்க மாட்டேங்குது.”

எனக்குச் சுருக்கென்றது. பட்டத்தோடு வந்தவன் கையெழுத்தைவிட மூக்கு பெரிதா? அவள் வாதாடவில்லை. இரண்டு கண்ணாடிக் குழாய்களை என் கையில் கொடுத்தாள். ஒன்றில் இந்தத் தொட்டியின் மாதிரி, மற்றதில் முந்தைய தொட்டியினுடையது. இரண்டையும் கொதிநீரில் வைத்தேன். சற்று நேரத்தில் இந்தத் தொட்டியினுடையது பால் போல வெளுத்தது. மற்றது தேன் நிறத்தில் தெளிவாகவே இருந்தது.

ஆயிரக்கணக்கானவர்கள் கைநீட்டிக் கொடுத்த பிளாஸ்மா அந்தத் தொட்டியில் இருந்தது. உப்புக் கரைசல் பக்கத்து அறையில், தள்ளுவண்டி மேலேயே இருந்தது.

சத்தமில்லாமல் ஊற்றிவிடலாம். தாளில் ஏற்கெனவே கையெழுத்து இருக்கிறது. அக்காவைப் பார்த்தேன். அவள் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஊற்றினால் அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்று தெரிந்தது. அந்தப் பொய்யையும் அவளே சுமப்பாள். அதுதான் என்னை மாடிக்கு ஏற வைத்தது.

தரப்பிரிவு மேடம் முழுவதும் கேட்டார். சேர்க்காததைச் சேர்த்ததாக எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம், இன்னும் மூன்று மாதம் தகுதிகாண் காலம். புதிதாகக் கரைத்து, சாட்சியோடு ஊற்றிவிட்டுத் தொடங்கச் சொன்னார்.

“கண்டுபிடிச்சது யாரு?”

“தொட்டி ஆபரேட்டர், மேடம்.” கொஞ்சம் நின்றேன். “என் அக்கா.”

மேடமே சாட்சியாகக் கீழே வந்தார். ஊற்றினேன். வாடை எழுந்தது. மேடம் முகத்தைச் சுளித்துக்கொண்டே அக்காவிடம், “தம்பி உங்களை மாதிரி இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பொத்தானை அழுத்தினாள். வெப்பமானி மெல்ல ஏறத் தொடங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கான்னு எதுக்குடா சொன்னே?”

உள்ளே அவள் என்னை ‘டா’ போட்டது அதுதான் முதல் முறை. ஷிஃப்ட் முடிந்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பத்து மணி நேரமும் இரண்டு பேரும் தொட்டியருகே இருந்தோம். கடைசியில் எடுத்த மாதிரியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அதன் வழியே அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

“வா, வீட்டுக்குப் போலாம்” என்றாள். “இன்னிக்கு மாமாகிட்ட நீயும் நாறு.”