இன்ஜின் சாம்பலில் சுட்ட கத்தரிக்காய்

இன்று காஸ் அடுப்பில் கத்தரிக்காயின் தோல் கருகி வாசனை எழுந்ததும், செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டி, பயிர் வைத்துக்கொள்ள எங்களுக்கு விட்டிருந்த அந்தத் துண்டு நிலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுபதுகளில் அப்பா அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அரக்கோணம் வண்டியின் கரி இன்ஜின் கொட்டிவிட்டுப் போகும் கனன்ற சாம்பலை அவர் பாண்டுச்சட்டியில் அள்ளி வருவார். அப்போதுதான் பறித்த கத்தரிக்காய்களை அம்மா அதில் புதைப்பாள். தோலை ஊதி ஊதி உரித்து, வரப்பில் உட்கார்ந்தபடியே, கொட்டாங்கச்சியில் இருக்கும் கல்லுப்பைத் தொட்டுத் தின்போம். அந்தக் கொட்டாங்கச்சி எங்களுடையதல்ல. முன்பு அந்த நிலத்தை வைத்திருந்தவர்கள் வேலியோரம் ஓட்டுச்சில்லால் மூடி, உப்போடு விட்டுப் போனது.

செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்த மாசத்தில் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. மாற்றலாகிப் போகிறவர்கள் செடியைப் பிடுங்கக் கூடாது என்பது குவார்ட்டர்ஸ் வழக்கம்.

"நான் தண்ணி ஊத்துனது, எவளோ வந்து துன்னப் போறா," என்று கிளம்பும் நாள் காலைவரை அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் அப்பா.

வண்டிக்கு நேரமானபோது அவளைக் காணோம். தேடிக்கொண்டு நிலத்துக்கு ஓடினேன். சாமானோடு கட்டிவைத்த உப்பு ஜாடியை அவிழ்த்து, கொட்டாங்கச்சியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.