இலைக்கு வைத்த வெந்நீர்

"இலைக்குக் குளிருமாம், எனக்குக் குளிராதாம்!"

நவம்பர் பிறந்தால் கொலாப் வாயில் இது ஒன்றுதான். குனிந்து பறிக்கும்போதும் இதுதான், பத்துப் பத்தாகக் கட்டும்போதும் இதுதான். தாய்லாந்தில் கரும்பு வெட்டிக் கறுத்துப்போன கம்போடியாக்காரி, கொரியாவின் மிர்யாங் ஊருக்கு வந்து உறைந்துபோனாள். கொரியாக்காரர்கள் கறியைச் சுற்றித் தின்கிற வாசனை இலைக்குத் தனி பிளாஸ்டிக் கூடாரம். உள்ளே வெந்நீர்க் குழாய், பூத்துவிடாமலிருக்க இரவெல்லாம் விளக்கு. அதைப் பறிக்கிற கொலாப்புக்கும் சொதியாவுக்கும் தங்குவதற்குப் பக்கத்திலேயே கறுப்புத் துணி போர்த்திய தகரப் பெட்டி. குடிக்க வைத்த தண்ணீர் விடிவதற்குள் கட்டியாகிவிடும்.

"அடுத்த பிறவியில இலையாப் பொறந்துக்கோக்கா," என்பாள் சொதியா.

"பொறந்தா? பத்துப் பத்தாக் கட்டி அனுப்பிருவாங்கடி!"

வேறு தோட்டத்துக்கு மாற முதலாளி கையெழுத்து வேண்டும். மூன்று குளிர்காலமாகக் கேட்டாள். முதலாளியம்மாவின் பதிலை மூக்கால் பேசிக் காட்டுவாள்: "கையெழுத்தாஆ? மொதல்ல ஒரு நாளைக்குப் பதினஞ்சு பெட்டி இலை கட்டு, அப்புறம் பாக்கலாம்!" பதினைந்து கட்டினால் பதினாறு கேட்பாள் அந்த அம்மா.

இந்த ஜனவரியில் சொதியாவுக்குக் குளிரில் கால்விரல் இரண்டு கறுத்துப்போயின. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் புதன்கிழமை. யாரிடமும் சொல்லாமல் கொலாப் பஸ் ஏறித் தொழிலாளர் அலுவலகம் போனாள். அந்தத் தகரப் பெட்டி குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அந்த அலுவலகம் எழுதிக் கொடுத்தால், மாறுவதற்கு முதலாளி கையெழுத்தே வேண்டாமாம். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "மொழிபெயர்க்கிற அம்மா திங்கக்கிழமைதான் வருவாங்க. அன்னிக்கு வாம்மா."

திரும்பிப் போனால் மறுபடி வெளியே விடமாட்டார்களே என்று பயந்து, ஊர்க்காரி ஒருத்தியின் அறையில் பதுங்கிக் கிடந்தாள். போனையும் அணைத்து வைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

திங்கட்கிழமை அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டினார். அவர் முகம் செத்துப்போயிற்று. ஐந்து நாளாக ஆளைக் காணோம், ஓடிவிட்டாள் என்று முதலாளியம்மா காலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். சொல்லாமல் ஐந்து நாள் வராவிட்டால் அப்படி எழுதலாமாம்; இனி விசா கிடையாது. பிடித்தால் நேரே விமானம்தான். இதைச் சொல்லும்போது மொழிபெயர்க்கிற அம்மா கொலாப்பின் முகத்தைப் பார்க்கவில்லை.

"முதலாளிக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? நீங்க இப்ப ஓடிப்போனவங்க. என் கையில ஒண்ணுமில்லம்மா," என்றார் அதிகாரி.

மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல், தனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியிலேயே கொலாப் கேட்டாள்:

"புதன்கிழமை இதே நாற்காலியில உக்கார வச்சு, திங்கக்கிழமை வான்னு சொன்னது யாரு சார்? ஓடிப்போறவ, ஓடி ஓடி உங்ககிட்டயா வந்து நிப்பா?"