பிரிஜெட் டீச்சர் மடக்கச் சொன்ன நாற்காலிகள்

லிங்கராஜபுரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஜீவனஹள்ளிக்கு வந்து பாடம் நடத்திய பிரிஜெட், தற்காலிக ஆசிரியை. முப்பது வயதைத் தாண்டியவர். அவர் அழுது பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. அரசுத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு அவருடையது. அதுவே அங்கே கடைசி வகுப்பு. மழை வந்தால் ஒழுகும் கூரை, பின்சுவரில் ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பிள்ளைகள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு நாள் சமூகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அரசாங்கம் பள்ளிகளுக்குப் பெஞ்சும் குடிநீரும் கழிப்பறையும் தருகிறது என்று வகுப்பே ராகம் போட்டுப் படித்தது. தருண் என்ற பையன் எழுந்து நின்றான்.

"டீச்சர், அப்ப நம்ம ஸ்கூலு கவர்மெண்ட் ஸ்கூல் இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிரிஜெட்டால் சிரிக்க முடியவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளை வரிசையாக நடத்தி, பெரிய ரோட்டில் இருந்த இன்னொரு அரசுப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். இரண்டும் ஒரே கல்வி அலுவலகத்தின் கீழ் வருபவை. அங்கே பெஞ்சுகள் இருந்தன. திருகினால் தண்ணீர் வரும் குழாய்கள் இருந்தன. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இருந்தது. பிள்ளைகள் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

"இவங்களுக்கு வேற கவர்மெண்டா டீச்சர்?" என்றான் தருண்.

"அதே கவர்மெண்ட்தான். உங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருதில்ல, யாருக்கு மொதல்ல கெடைக்கும்?"

"ரோட்டு மேல வூடு இருக்கறவங்களுக்கு."

"சந்துக்குள்ள இருக்கறவங்களுக்கு?"

"அவங்க கொடம் ரொம்பறதுக்குள்ள லாரி பூடும்."

"நம்ம ஸ்கூல் சந்துக்குள்ள இருக்கு. அவ்ளோதான்."

"பைப்பு புடிக்கறவன்கிட்ட சண்ட போடணும் டீச்சர். எங்கம்மா போடுவாங்க."

"சண்டை போடாம, ஏன் இப்படிப் பிரிச்சேன்னு கேக்கறதுக்கு ஒரு எடம் இருக்கு. அதுக்குப் பேருதான் கோர்ட்டு."

முதலில் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். பதில் இல்லை. பிறகு, கட்டணம் வாங்காமல் வழக்காடும் வித்யாலட்சுமி என்ற வக்கீலைப் பிரிஜெட் தேடிப் பிடித்தார். பெற்றோர் ஒருவர் பெயரில் வழக்குப் போட வேண்டும் என்றார் வக்கீல். யாரும் முன்வரவில்லை. கடைசியில், பார்கவி என்ற மாணவியின் தந்தை கணேசமூர்த்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடைக்காரர்.

"போடுங்க டீச்சரம்மா என் பேர. ஊருக்கெல்லாம் கூரைய வாடகைக்கு வுடறவன் நானு. என் பொண்ணு ஒழுகற கூரைக்கடியில உக்காரணுமா?"

வழக்கு மெதுவாக நகர்ந்தது. எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறோம் என்று அலுவலகம் பதில் போட்டது. உண்மையைப் பார்த்து வர நீதிமன்றம் ஹரிஷ்குமார் என்ற இளம் வழக்கறிஞரைக் கமிஷனராக நியமித்தது.

"ஒரே ஒரு தடவைதான் வருவார். அவர் எழுதறதத்தான் ஜட்ஜ் படிப்பார். இருக்கறத இருக்கற மாதிரி காட்டுங்க. போதும்" என்றார் வித்யாலட்சுமி.

பிரிஜெட் இதைப் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு இரண்டு முறை விளக்கினார். பெற்றோருக்கு விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜீவனஹள்ளியில் கல்யாணமோ, காரியமோ, பெரிய மனிதர் வருகையோ, எதுவானாலும் முதலில் சாமியானா ஏறும். கமிஷனர் வர வேண்டிய நாள் காலை பிரிஜெட் வந்தபோது பள்ளி வாசலில் சிவப்புப் பந்தல் நின்றது. கூடத்தின் சுவர்களை மறைத்து ஜரிகை வைத்த பக்கத் துணி கட்டியிருந்தது. மேலே இரண்டு ஃபேன்கள் சுழன்றன. பிள்ளைகள் இரும்பு மடக்கு நாற்காலிகளில் முதுகைச் சாய்த்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கணேசமூர்த்தி பளபளக்கும் சட்டையில், கையில் ரோஜா மாலையோடு நின்றார்.

"இன்னாண்ணா இது?"

"கோர்ட்டே நம்ம வூட்டுக்கு வருது டீச்சரம்மா! வெறுந்தரையில நிக்க வெக்கறதா? ஊருக்கு எவ்ளோ அவமானம்!"

பிரிஜெட் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஹரிஷ்குமாரும் கல்வி அலுவலகத்துச் சூப்பரிண்டெண்டும் இறங்கினார்கள். ஹரிஷ்குமாரின் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். ஹரிஷ்குமார் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சென்னாகிதே. நல்லாத்தானே இருக்கு? ஃபேன் எல்லாம் போட்டிருக்கீங்க."

"அதான் சார் நானும் கேக்கறேன். எல்லாம் குடுத்திருக்கோம். இதுக்கு ஒரு கேஸு!" என்றார் சூப்பரிண்டெண்ட்.

ஹரிஷ்குமார் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவர் எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே செத்துவிடும். பிரிஜெட் கூடத்தின் நடுவே போய் நின்றார்.

"எல்லாரும் எழுந்திருங்க. நாற்காலிய மடக்குங்க."

ஒருவரும் அசையவில்லை. அந்தப் பள்ளியில் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

"டீச்சர், இன்னிக்கி ஒரு நாளு மட்டும்..." என்றாள் பார்கவி. இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பிரிஜெட் அவள் பக்கத்தில் போய் நின்றார். "எழுந்திரு பார்கவி" என்று மட்டும் சொன்னார்.

பார்கவி எழுந்தாள். இரும்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாய் மடங்கும் சத்தம் கேட்டு, பாதாம் பால் ஊற்றிக்கொண்டிருந்த கணேசமூர்த்தி ஓடி வந்தார்.

"இன்னா பண்றீங்க? வந்த மனுஷன் முன்னால என் மானத்த வாங்கறீங்களே! இதுக்கா என் பேர்ல கேஸ் போட்டீங்க?"

"உங்க கேஸ நீங்களே துணி போட்டு மூடிட்டீங்கண்ணா" என்றபடி பிரிஜெட் பின்சுவர்த் துணியை இழுத்தார். ஜரிகைத் துணி சரிந்தது. ஓட்டை வழியாகத் தெருநாய் ஒன்று கூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஹரிஷ்குமார் துணியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாற்காலி எல்லாம் யாருது?"

"ஸ்கூலுதுதான் சார். அவங்களுக்கு ஏதோ தகராறு" என்றார் சூப்பரிண்டெண்ட் அவசரமாக.

கணேசமூர்த்தியின் முகம் கறுத்திருந்தது. ஆம் என்று தலையாட்டினால் அவருடைய மானம் தப்பும். சாக்கைத் தேடி எடுத்துத் தரையில் விரித்துக்கொண்டிருந்த மகளை ஒரு முறை பார்த்தார்.

"என்னோடது சார். காலைல போட்டேன். நாளைக்கி ஆஸ்டின் டவுன்ல ஒரு கல்யாணத்துக்குப் போவணும்."

"ஃபேன்?"

"அதும் என்னோடதுதான்."

"கரண்ட் இருக்கில்ல?"

"பக்கத்து வூட்லேர்ந்து ஒயர் இழுத்தேன் சார். ஸ்கூலுக்குக் கரண்டே கெடையாது."

ஹரிஷ்குமார் எழுத ஆரம்பித்தார். சூப்பரிண்டெண்டின் கையில் பாதாம் பால் ஆறிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே பெஞ்சு, குடிநீர், மின்சாரம், கழிப்பறை எல்லாம் தர வேண்டும், கூரையும் சுவரும் சரிசெய்ய வேண்டும். பிரிஜெட் வாசித்துக் காட்டியதும் வகுப்பு கத்திய கத்தலில் தலைமை ஆசிரியரே எட்டிப் பார்த்தார். சத்தம் அடங்கியபின் பார்கவி கேட்டாள்.

"ஜூன்ல நாங்க இங்க இருக்க மாட்டோமே டீச்சர்?"

சட்டத்தைப் பற்றி அவ்வளவு சொல்லிக்கொடுத்த பிரிஜெட் இதை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மழுப்பாமல் சொன்னார்.

"ஆமா. உங்களுக்குக் கெடைக்காது. கேட்டது நீங்க. உக்காரப் போறது மூணாங்கிளாஸ்."

"எந்தம்பி மூணாங்கிளாஸ்தான்" என்றான் தருண் கடுப்பாக. "அந்தக் கழுதைக்கு இன்னா தெரியும் கேஸப் பத்தி?"

"அப்ப நீ போய்ச் சொல்லிக் குடு."

மறுநாள் இரண்டு வகுப்புகளும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தன. தருண் முன்னால் நின்று, பேசுவதற்கு முன் டீச்சரைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. கோர்ட்லேர்ந்து யார்னா வந்தா சேர் போடக் கூடாது."

பார்கவி விருட்டென்று எழுந்தாள். "போடலாம். போட்டா, யாரோடதுன்னு கேக்கறப்ப எங்கப்பா மாதிரி உண்மையச் சொல்லணும். அத எழுதிப் போடுடா போர்டுல."