உப்போடைப் பாலத்தில் உட்கார்ந்தவர்கள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி போடுவதற்கு முன்னால் படத்திறப்பு வைத்திருந்தான் கர்ணன். செத்துப்போன இஞ்சினியர் மொக்கைச்சாமியின் மூத்த மகன். அப்பா வேலை பார்த்த அதே ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அவன் அழைத்த மரியாதைக்காக மேலதிகாரி ஒருவர், தேனிக்கு ரயில் இல்லாத குறையால் மதுரையிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பேசியது பொய்.

"மொக்கைச்சாமி மேலிடத்து உத்தரவை ஒரு நாளும் மீறினவர் இல்லை. போடு என்றால் போட்டார், எடு என்றால் எடுத்தார். அப்படி ஒரு பணிவு" என்றார் அதிகாரி.

உள்ளறை மூலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த மொக்கைச்சாமியின் பெஞ்சாதி ராமுத்தாய்க்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பணிவாம், பணிவு! மதராசில் படித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், துரைமார் வாயில் பேர் நுழையவில்லை, எம். சாமி என்று சுருக்கிக்கொள் என்றார்கள். "எங்க குலசாமி பேரு. நுழையிற வரைக்கும் சொல்லிப் பழகட்டும்" என்று திரும்பி வந்தவர் அவர். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு டிராலியில் ரயில் லயன் பார்க்கப் போனவர். சட்டம் இடம் கொடுக்காது என்றதற்கு, "சட்டத்துக்குப் பேத்தி இல்ல போல" என்றவர். அப்பேர்ப்பட்ட மனுஷரைப் பூம்பூம் மாடாக்கி மாலை போட்டு ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

ராமுத்தாய் பிறந்தது கருப்பநத்தம். அந்த ஊருக்கும் தேனிக்கும் நடுவில் உப்போடை கிடந்தது. மலையில் மழை பெய்தால் ஓடை இரண்டு கரையையும் விழுங்கிவிடும். அவளைப் பெற்றவள் அடுத்த பிரசவத்தில் பிள்ளை வராமல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த கட்டிலோடு அந்தக் கரையில் கிடந்து, வெள்ளம் வடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் புருஷனிடம் இதை ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாள்.

பல வருஷம் கழித்துப் போடிக்கு ரயில் பாதை போட்டபோது, உப்போடைப் பாலம் அவர் பொறுப்பில் வந்தது. பிளானில் இருந்தது தண்டவாளம் மட்டும்தான். மனுஷர் அதன் ஓரமாக ஆள் நடக்கப் பலகை பாவி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்துவிட்டார். யாரைக் கேட்டுப் போட்டாய் என்று மேலே இருந்து கேட்டார்கள். "என் பெஞ்சாதியைக் கேட்டு" என்றார். அந்தப் பலகையை நம்பித்தான் மகள் ராஜாத்தியைக் கருப்பநத்தத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய தலைப்பிரசவத்தின்போது அடைமழை. அதே பலகைமேல் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டிலுக்குக் குடை பிடித்து நனைந்துகொண்டு நடந்தவர் இஞ்சினியர். பேரன் பிறந்ததும் ஈர வேட்டியோடு கடைத்தெரு முழுக்கச் சீனி கொடுத்தார்.

பிறகு இந்த யுத்தம் வந்து தொலைத்தது. இரும்பு வேண்டுமாம், போடி லயனையே பிடுங்கச் சொல்லிப் போன வருஷம் உத்தரவு. ரிட்டயராகிப் பேரப்பிள்ளைகளுக்குக் காற்றாடி செய்துகொண்டிருந்தவரை, போட்டவனே பிடுங்கட்டும் என்று திரும்பக் கூப்பிட்டார்கள். போனார், பிடுங்கினார். ஆனால் தினமும் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். உப்போடைக்கு வேலையாட்கள் போகும் முறை வந்த அன்று, ராமுத்தாய் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விடியுமுன்பே போய்ப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரி ஓடிப்போய் இஞ்சினியரைக் கூட்டி வந்தான். புருஷன் பெஞ்சாதி சண்டையை வேடிக்கை பார்க்கக் கூலியாட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன ராமு இது?"

"தண்டவாளம் சர்க்காருது, எடுத்துக்கங்க. பாலம் எங்க ஆத்தாளை நெனச்சு நீங்க போட்டது. அதை எடுக்கணும்னா என்னையும் சேத்து எடுங்க."

அவர் குடையை மடக்கினார். "சாப்பிட்டியா?"

"இல்ல."

"நானும் சாப்பிடல. நகரு" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "தண்டவாளத்தை மட்டும் எடுங்கப்பா. பாலம் கெடக்கட்டும். கேட்டா, இஞ்சினியர் முடியாதுன்னுட்டாகன்னு சொல்லு" என்றார். யுத்த அவசரத்தில் லயன் முழுக்க எடுத்தாச்சு என்று ஆபீசில் எழுதிக்கொண்டார்கள்; ஒரு சின்னப் பாலத்து இரும்பை எவரும் தேடி வரவில்லை.

இப்போது சொல்லிவிட்டால் தேடி வருவார்கள். அது ராமுத்தாய்க்கும் தெரியும். தெரிந்தேதான் எழுந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்து, "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். தாலியறுத்த பொம்பளை சபைக்கு வந்தால் ஊர் சும்மா இருக்குமா? கூடம் முழுக்க முணுமுணுத்தது.

கர்ணன் பாய்ந்து வந்தான். "ஆத்தா, உள்ள போ. அந்தப் பாலம் இன்னும் நிக்கிறது ஆபீசுக்குத் தெரியாது. பாலமும் போயிரும், என் வேலையும் போயிரும்."

"ஒளிச்சு வச்சா அது திருட்டுச் சாமான்டா கர்ணா. ஒங்கப்பா திருடல. மாட்டேன்னு பத்துப் பேருக்கு முன்னால சொன்னாக. நீங்க அவுகளைத் தலையாட்டின ஆளுன்னு சொல்லி மாலை போடுறீக. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாமா?"

அதிகாரியின் பக்கம் திரும்பி, பலகை போட்டதிலிருந்து பாலத்தில் உட்கார்ந்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அதிகாரிக்கு முகம் சிறுத்துப்போனது. "அதையெல்லாம் எடுத்தாச்சு அம்மா. ஆபீசில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்.

"ஆபீசுல இருந்துட்டுப் போகுது. உப்போடையில ரெண்டு நாளா வெள்ளம் பெருகிக் கெடக்கு. கருப்பநத்தத்து ஆளுக இங்கன இத்தன பேர் உக்காந்திருக்காக. யாரு வேட்டியாச்சும் நனைஞ்சிருக்கான்னு நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். ஐப்பசி வெள்ளத்தில் ஓடை தாண்டி வந்த அத்தனை பேரின் வேட்டிக் கரையும் காய்ந்திருந்தது.

"தெரிந்த பிறகு நான் சும்மா இருக்க முடியாது அம்மா. ஆள் வரும்" என்றார் கடைசியில்.

"வரட்டும். நான் அங்கனதான் இருப்பேன்."

கர்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்ன ஆத்தா இப்படிப் பண்ணிட்ட?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? போய்ப் பந்தியைப் போடு" என்றாள்.

சொன்னபடியே ஆள் வந்தது. கடப்பாரைகளோடு ஒரு கூட்டம். கூடவே, தாயைச் சமாதானம் பண்ணிக் கூட்டிப் போக ஆபீசே அனுப்பி வைத்த கர்ணன். ராமுத்தாய் பாலத்தின் நடுவில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் புருஷனின் குடையை வைத்திருந்தாள். கருப்பநத்தத்துச் சனம் கரையில் திரண்டு நின்றது. கீழே ஓடை செந்நிறமாகச் சீறிக்கொண்டு போனது.

கோட்டும் தலைப்பாகையுமாகக் கர்ணன் பலகைமேல் நடந்து வந்தான். கையைப் பிடித்து இழுக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பெற்றவளும் அப்படித்தான் நினைத்து, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, அப்பாவின் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கொஞ்சம் நகரு ஆத்தா" என்றான்.